கதவு எண் ஒன்றுதான்

மூத்தவள் காலையில் வாயைத் திறந்தால் முதல் திட்டு பூனைக்குத்தான். பூனை ஒரு பாவமும் அறியாது. அது பாட்டுக்கு நடுச்சுவரின் மேல் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கும். இவள் வாளியைத் தரையில் டம்மென்று வைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

"ஏ பூனை, அந்தப் பக்கம் போய் ஏரித் தண்ணியில வாய வச்சுத் தொலைக்காத. சில பேர் வீட்டுக் கழிவெல்லாம் அதுலதான் கலக்குது. குடிச்சா குடல் அழுகிப் போவும்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே கீழே போடப்படும். சத்தம் அடங்கியதும் இளையவளின் குரல் வரும், அதே பூனைக்கு.

"நீ வாடி கண்ணு. அங்க உனக்கு என்ன கிடைக்கப்போவுது? பஸ் புகையும் வயித்தெரிச்சலும்தான்."

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். வீடு பாகம் பிரிந்த நாளிலிருந்து நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. அதற்காகப் பேச்சு நின்றுபோயிற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். பேசிக்கொள்கிற அக்கா தங்கைகளைவிட இவர்கள் அதிகம் பேசினார்கள். என்ன, எல்லாம் சாடைதான். விளக்குமாற்றிடம் பேசுவார்கள், கொடியில் காயும் துணியிடம் பேசுவார்கள், மொழி தெரியாமல் விழிக்கும் விருந்தாளியிடம் பேசுவார்கள். அதிகம் அகப்பட்டது பூனைதான். இரண்டு வீட்டிலும் பால் குடித்து, இரண்டு வீட்டு வசவையும் சுமந்து திரிந்த அதற்கு மூத்தவளின் கணவர் ‘தபால்காரர்’ என்று பெயர் வைத்திருந்தார்.

ஏரிக்கும் தெருவுக்கும் நடுவே நீளவாக்கில் கிடந்த பழைய வீடு அது. பாகம் பிரிக்கும்போது எந்தப் பாதி வேண்டும் என்று முதலில் கேட்டது மூத்தவளைத்தான். யோசிக்கக்கூட இல்லை. தெருப்பக்கம் என்றாள். எதிரிலேயே பஸ் நிறுத்தம். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவன் பெட்டியோடு இறங்கினால் முதலில் தன் வாசல்தான் கண்ணில் படும், அறை கேட்டு உள்ளே வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டாள். வந்தவர்கள் இறங்கினார்கள், அவள் வாசலைப் பார்த்தார்கள், அவளிடமே வழி கேட்டுக்கொண்டு பக்கத்துச் சந்தில் நுழைந்து இளையவள் வீட்டுக்குப் போனார்கள். ஏரியைப் பார்க்க வந்தவன் ஏரி தெரிகிற அறையில் படுக்கத்தானே விரும்புவான்? இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மூத்தவளுக்கு அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது.

வாசலில் ‘அசல் ஏரி இல்லம்’ என்று பெரிதாகப் பலகை மாட்டிப் பார்த்தாள். அந்த வீட்டின் எந்த ஜன்னலில் தொங்கினாலும் ஏரி தெரியாது. பஸ் நிறுத்தமும், அதன் முதுகில் ஒட்டியிருந்த பற்பசை விளம்பரத்தின் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். தன் வாயால் கேட்டு வாங்கிய பாதி அது. பிறத்தியார் ஏமாற்றியிருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். தானே ஏமாந்ததுதான் ஆறவில்லை. அந்தக் கோபத்தை எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமே, இளையவள் தலை வாகாக இருந்தது.

பாகம் பிரித்த காலத்தில் இரண்டு பெண்களும் ஒன்றே ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். தனி வாசல், தனித் தண்ணீர்க் குழாய், தனி மின்சார மீட்டர், தனிக் கழிவுக் குழி. எதிலும் ஒட்டும் கூடாது உறவும் கூடாது. அண்ணனும் தம்பியும் தலையாட்டினார்கள். கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கொஞ்ச நாள் வியர்த்தார்கள். இருவருக்கும் சண்டையே கிடையாது. நடுச்சுவரைக்கூட அண்ணன் கல் எடுத்துக் கொடுக்கத் தம்பி சிரித்துப் பேசிக்கொண்டே கட்டினார். சாயங்காலமானால் மூத்தவளின் கணவர் நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார். போவது சந்து வழியாகத் தம்பி வீட்டு ஏரிப் படிக்கட்டுக்கு. அங்கே இருவரும் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மீன் எதுவும் சிக்கியதாக வரலாறு இல்லை.

இப்படியே திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். விமானக் கம்பெனிக்காரர்கள் வந்து கெடுத்தார்கள்.

ஏரியின் அக்கரையில் விமான நிலையம். முன்பெல்லாம் பாதி காலியாகச் சின்னச் சின்ன விமானங்கள் நாள் முழுக்க வந்து இறங்கும். புகையும் இரைச்சலும் தாங்கவில்லை, ஏரி வேறு கரையோரம் பாசி படர்ந்து பச்சைப் பாயாகி நாறத் தொடங்கியது. கண்டபடி ஆட்கள் வந்து குவிந்தால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது என்று எல்லோரும் கூச்சல் போட்டார்கள். கடைசியில் சுற்றுலா அலுவலகமும் விமானக் கம்பெனியும் சேர்ந்து புது ஏற்பாடு செய்தன. சின்ன விமானங்கள் கிடையாது. நிரம்பி வரும் ஒரே பெரிய விமானம், மத்தியானத்தில். பக்கத்து நகரங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில். டிக்கெட்டோடு சேர்த்தே தங்கும் இடத்தையும் பதிவு செய்துவிடுவார்கள். ஆனால் பச்சை இலை வாங்கிய வீடுகளில் மட்டும்தான்.

பச்சை இலை என்பது, ஏரியைக் கெடுக்காத வீடு என்பதற்குச் சான்றாகக் கதவில் அறைகிற, மரத்தில் செய்த ஓர் இலை. அதை வாங்குவதற்குள் உயிர் போய்விடும். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொடுக்கக் கூடாது, துண்டைத் தினமும் துவைக்கக் கூடாது, வெந்நீர் வெயிலில்தான் காய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே கழிவு ஒரு சொட்டுகூட ஏரிக்குப் போகக் கூடாது.

"ஆகாயம் பூரா புகைய விட்டுக்கிட்டு வர்றவன், நான் ஒரு துண்டத் துவைச்சா உலகம் அழிஞ்சுபோவும்கிறான்" என்று மூத்தவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு எல்லாவற்றையும் செய்தாள். வேறு வழியில்லை. போன பருவத்தில் அவள் அறைகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. இந்த இலை கிடைக்காவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு மகன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மருமகள் அடுப்படியில், மருமகள் சொன்ன இடத்தில் கரண்டியை வைத்துக்கொண்டு, டீ போடலாமா என்று கேட்டு டீ போட்டுக் குடிக்க வேண்டும். அதைவிட எதுவும் மேல் என்று தீர்மானித்தாள் மூத்தவள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மொட்டைமாடியில் வெந்நீர்ப் பெட்டி ஏற்றினாள். வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே பாட்டில்களை ஒழித்துக்கட்டிச் செம்பில் தண்ணீர் வைத்தாள்.

எல்லாம் செய்த பிறகுதான் அந்த இடி விழுந்தது. ஒரு கதவு எண்ணுக்கு ஒரே இலை. வீடு இரண்டானபோது எல்லாவற்றையும் பிரித்தார்களே தவிர, நகராட்சியில் கதவு எண்ணைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டா குடுத்துடுவாங்க" என்றார் கணவர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"யாரு ரெண்டு பேரும்?"

"இல்ல, நீயும் அவளும்…"

"அவ சாக்கடைய ஏரியில விடுவா, நான் அவளோட கையக் கோத்துக்கிட்டுப் போய் நிக்கணும். நல்லாருக்கே! அவளுக்கு இலை கிடைக்கிறதுக்கு நான் சங்கிலிய வித்தேன்?"

"அவ விட்டத நீ பாத்தியா?"

"பாக்கணுமா? வாடை வருதில்ல?"

இதைத்தான் அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். போன வருஷம் ஏரியில் குளித்த இளையவள் வீட்டு விருந்தாளி ஒருவருக்கு உடம்பெல்லாம் அரித்துத் தடித்தது. அவள் நேராக அந்த ஆளிடமே போய், யார் வீட்டுக் கழிவு என்று சந்துப் பக்கம் சுட்டிக் காட்டினாள். இளையவள் வீட்டுக்கு வருகிற கூட்டம் அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்தது. மூத்தவள் அன்று நிம்மதியாகத் தூங்கினாள். பாவம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இலைக்காகப் பரிசோதனைக்கு வந்த அம்மாள், தெருப்புழுதி படிந்த செருப்போடும் தோளில் ஒரு துணிப்பையோடும் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மூத்தவள் அவளுக்காக ஒரு பேச்சே தயார் செய்து வைத்திருந்தாள். விமானத்தில் வந்து இறங்கட்டும், புகையைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று.

"மேடம் பிளைட்ல வரலையா?"

"ரயில்ல வந்தேன். ரயில் போற ஊருக்கு நான் பிளைட்ல போறதில்ல."

தயார் செய்த பேச்சு வீணாய்ப் போனது. மூத்தவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பரிசோதகர் அதிகம் பேசாத ஆள். குழாயைத் திறந்து சொட்டு நிற்கிறதா என்று பார்த்தாள். சோப்பை முகர்ந்தாள். குப்பைக் கூடையில் கையை விட்டுத் துழாவினாள். மொட்டைமாடியில் ஏறி வெந்நீர்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, சூடு பட்டுக் கையை உதறினாள். மூத்தவள் பின்னாலேயே போனாள். பரீட்சைக்குப் போன பிள்ளையின் தாய் பள்ளிக்கூட வாசலில் நிற்பாளே, அப்படி இருந்தது அவள் முகம்.

கீழே வந்து டீயைக் கையில் வாங்கியதும் பரிசோதகர் சொன்னாள். "உங்க பக்கம் நல்லா வச்சிருக்கீங்க. உங்கள மட்டும் பாத்தா இப்பவே குடுத்துடுவேன். ஆனா கதவு எண் ஒன்னுதானே? பின்னாடி வீட்டையும் சேத்துத்தான் பாக்கணும்."

"அது வேற வீடு மேடம். எங்களுக்கும் அவங்களுக்கும் ஒட்டே கிடையாது. சுவத்தப் பாருங்க."

"சுவர் கட்டிட்டா ஆச்சா? தண்ணி, கரண்ட், கழிவு, மூணும் தனியா இருந்தா ரெண்டு வீடுன்னு எடுத்துக்கலாம். அப்ப ஒரு வீட்டுக்குக் கிடைக்கும், இன்னொன்னுக்குக் கிடைக்காமலும் போகலாம்."

மூத்தவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது. தனக்கு மட்டும் இலை, அவளுக்கு இல்லை. ஏரி தெரியாத வீட்டுக்கு விமானத்துக் கூட்டமெல்லாம் வரும், ஏரி தெரிகிற வீடு பூட்டிக் கிடக்கும். இதைவிட ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

"மூணும் தனிதான் மேடம்! எங்க குழி இதோ வாசல்ல இருக்கு. அவங்களுதுதான் நேரா ஏரிக்குப் போவுது. சோதிச்சுப் பாருங்க. நான் சொல்றது பொய்யா இருந்தா என்னைக் கேளுங்க."

"சோதிக்கலாமே. என்கிட்ட சாயப் பொடி இருக்கு. கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்தினா அது எங்க வெளிய வருதுன்னு தெரிஞ்சுடும். ஒரு வீட்டுக்கு சிவப்பு, ஒரு வீட்டுக்கு நீலம்."

உள்ளே கதவோரம் நின்ற கணவர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். மூத்தவளை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? அவங்க பாத்துட்டுப் போவட்டும். சோதனை கீதனைன்னு நீயா ஏன் இழுத்து விடுற?"

"தம்பி பொண்டாட்டி மாட்டிக்குவான்னு உங்களுக்கு வலிக்குதோ?"

"அதில்ல. நான் சொல்றத ஒரு நிமிஷம்…"

"நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். இத்தனை வருஷமா சொன்னது போதும். நடக்கப் போறேன் நடக்கப் போறேன்னு எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு நிமிஷத்தை அவள் கொடுத்திருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அந்த மனிதருக்கு முதுகெலும்பு குறைவு, மனைவியின் குரல்மேல் பயம் அதிகம்.

முதலில் இளையவள் வீடு. சந்து வழியாகப் பரிசோதகர் முன்னே போக, மூத்தவளும் போனாள். சாட்சிக்கு ஆள் வேண்டாமா? இளையவள் கதவை முழுக்கத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. ஒருக்களித்து நின்றாள். மூத்தவள் அவள்மேல் புடவை படாமல் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தாள்.

"போடுங்க மேடம், தாராளமா போடுங்க" என்றாள் இளையவள். "என் வீட்டுக் குழி சந்துல இருக்கு. என் வீட்டுக்காரர் கையால தோண்டினது. வாய் இருக்குன்னு ஊர் பூரா பேசினவங்க இன்னைக்காவது கண்ணால பாத்துட்டுப் போவட்டும்." கடைசி வாக்கியத்தை அவள் நாற்காலியிடம் சொன்னாள்.

நடையில் போகும்போது ஓர் அறை திறந்திருந்தது. கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னல் முழுக்க ஏரி. மூத்தவள் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்துவிட்டாள். வெயிலில் தண்ணீர் தகதகத்தது. நடப்பதை மறந்து நின்றாள். பொறாமைதான், வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. இந்த ஜன்னல் என்னுடையதாக இருந்திருக்கும், தெருப்பக்கம் என்று ஒரு வார்த்தையை அவசரப்பட்டு விடாமல் இருந்திருந்தால்.

பரிசோதகர் கக்கூஸில் சிவப்புப் பொடியைக் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டு வந்தாள். எல்லோரும் படிக்கட்டில் நின்றார்கள். தம்பிக்காரர் மட்டும் இறங்கி வராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று நேரம் ஒன்றும் இல்லை. இளையவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் போனாள். அப்போது கடைசிப் படிக்குக் கீழே, பாசிக்கு நடுவில் சிவப்பாக ஒன்று சுருள் சுருளாகப் புறப்பட்டு வந்தது.

சிரிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றது. "என்னங்க இது?" என்றாள், கணவனைத் திரும்பிப் பார்த்து. "சந்துல குழி தோண்டினேன்னு சொன்னீங்களே?"

தம்பிக்காரர் தன் கால் கட்டைவிரலை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தவள் பூனையைத் தேடினாள். அது படிக்கட்டுச் சுவரிலேயே இருந்தது. "பாத்தியா பூனை! நான் சொன்னப்ப என்னைப் பொல்லாதவன்னு சொன்னாங்க. ஊரான் குளிக்கிற தண்ணி, குடிக்கிற தண்ணி! இந்த அசிங்கத்த விட்டுக்கிட்டு, வர்றவனுக்கு ஜன்னலத் தொறந்து காட்டறாங்க பாரு, ஏரி அழகா இருக்காம் ஏரி! சீ! இதுல நமக்கு உறவுன்னு சொல்லிக்கவே நாக்கு கூசுது."

இளையவள் பதிலுக்குப் பூனையைப் பார்க்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. அதைப் பார்த்தபோது மூத்தவளுக்கு இனித்தது. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்றுகூட இருந்தது.

"இப்ப உங்க வீடு" என்றாள் பரிசோதகர்.

நீலப் பொடியை மூத்தவள் தன் கையாலேயே போட்டாள். தண்ணீரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துவிட்டாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வாசலுக்கு ஓடினாள். தம்பிக்காரரை ஏரிப்பக்கம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்த பரிசோதகர், வாசல் குழியின் சிமெண்டு மூடியில் கம்பியை மாட்டித் தூக்கினாள். மூத்தவள் முகம் மலர எட்டிப் பார்த்தாள்.

குழி எலும்பாகக் காய்ந்து கிடந்தது. இடுப்பளவு ஆழம்கூட இல்லை. அடியில் பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒழுங்காகத் துணி விரித்து இரண்டு தூண்டில், மடக்கு ஸ்டூல் ஒன்று, ரப்பர் போட்டுக் கட்டிய சீட்டுக்கட்டு. மூலையில் ஒரு சிலந்தி தன் வீட்டைக் கட்டி முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மூத்தவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார்.

"பாறை வந்துடுச்சு" என்றார் மெதுவாக. "அங்கயும் பாறை. எங்க ரெண்டு பேராலயும் முடியல. பழைய குழாய் வீட்டுக்கு அடியில நல்லாத்தான் இருந்துச்சு. அதுலயே ரெண்டையும் சேத்துட்டோம். அப்பவே சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் விட்டிருப்பீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா!"

யார் கூப்பிடுகிறார்கள் என்று மூத்தவளுக்கு முதலில் பிடிபடவில்லை. அத்தனை வருஷமாகிவிட்டது.

"அக்கா, இங்க வாங்க! வந்து உங்க கண்ணால பாருங்க!"

சந்து, கதவு, நடை, படிக்கட்டு. எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பைக்கூடப் போடவில்லை. கடைசிப் படிவரை இறங்கி, அதுவும் போதாமல் சேற்றிலேயே காலை வைத்துக் குனிந்து பார்த்தாள். பாசிக்கு நடுவில் பழைய குழாயின் வாய் தெரிந்தது. அதிலிருந்து நீலம் வந்துகொண்டிருந்தது. முன்பே பரவியிருந்த சிவப்போடு சேர்ந்து, ஓரத்தில் கத்தரிப்பூ நிறமாகிக் கொண்டிருந்தது. எது யார் வீட்டுடையது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

பரிசோதகர் பின்னாலேயே வந்து நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "கதவு எண்ணும் ஒன்னுதான், குழாயும் ஒன்னுதான். நீங்கதானேம்மா சோதிக்கச் சொன்னீங்க? சோதிக்காம இருந்திருந்தா, சந்தேகத்துக்குக் குழாய சரிபாத்துக்கங்கன்னு கொஞ்சம் நாள் குடுத்துட்டுப் போயிருப்பேன். ஏரியில விழறத கண்ணால பாத்தப்புறம் இந்தப் பருவத்துக்கு இலை கிடையாது. குழி வெட்டிட்டு அடுத்த பருவத்துக்குச் சொல்லி அனுப்புங்க."

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். மத்தியான விமானம் ஏரிக்கு மேலே தாழ்ந்து இறங்கியது. நிரம்பி வந்திருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கீழே கரையோரம் வண்ண வண்ணமாக என்னவோ தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் காட்டியிருக்கவும் கூடும். அதில் ஒருவர்கூட இந்த வாசலுக்கு வரப்போவதில்லை. மூத்தவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

இளையவள்தான் படிக்கட்டின் மேலிருந்து பேசினாள். நாற்காலியிடம் இல்லை, பூனையிடம் இல்லை.

"எங்க வீட்டு வாடை, எங்க வீட்டு வாடைன்னு ஊர் பூரா சொன்னீங்களே. உடம்பு தடிச்சுப்போன அந்த ஆள் என் முகத்துல துப்பாத குறையா பெட்டிய எடுத்துட்டுப் போனாரு. நான் எங்க சாமான்லயோ அழுக்கு இருக்குன்னு தேச்சுத் தேச்சுக் கழுவினேன். உங்களோடதும் இதுலதான் இருந்துச்சு அக்கா. நாங்க படுக்கிற அறைக்குக் கீழதான் போயிட்டிருந்துச்சு. நான் ஒரு நாளாவது மூக்கப் பிடிச்சேனா?"

மூத்தவள் பூனையைப் பார்த்தாள். உடம்பெல்லாம் கூசியது. பிறத்தியார் அழுக்கு என்று அவள் ஆசை ஆசையாக ஊருக்குக் காட்டிய சாக்கடையில் பாதி அவளுடையது. இத்தனை வருஷமும் அவள் வாளியை டம்மென்று வைத்து, இளையவளைத் திட்டி முடித்து, அதே வாளித் தண்ணீரைக் குளியலறையில் கொட்டி இங்கேதான் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அண்ணனும் தம்பியும் இதற்குள் கடப்பாரையோடு வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். தப்பு செய்த மாடுகள் மாதிரி இருந்தது அவர்கள் நின்ற நிற்பு. தம்பிக்காரர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அண்ணி, பாறை இல்லாத இடம் சந்து முனையில ஒன்னு இருக்கு. பெருசா ஒரே குழியா வெட்டிட்டா ரெண்டு வீட்டுக்கும்…" என்று இழுத்தார்.

"ரெண்டு குழி!" என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே மூச்சில்.

"பாறை…"

"பாறைய ஒடைங்க" என்றாள் மூத்தவள்.

"நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றாள் இளையவள், யாருக்கு என்று சொல்லாமல். "எவ்வளவு ஆழம்னு எறங்கி அளந்து பாக்காம ஒருத்தரும் சோறு திங்க முடியாது."

ஆண்கள் இருவரும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடினார்கள். மூத்தவளும் படியேறினாள். வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. இளையவளின் நடை, இளையவளின் கதவு, அதன் பிறகு சந்து. இளையவள் நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மூத்தவளின் கால்களைப் பார்த்தாள். கணுக்கால்வரை கறுப்புச் சேறு, விரல்களுக்கு நடுவே பாசி.

"இப்பத்தான் வீட்டத் துடைச்சேன்" என்றாள். "கால கழுவிட்டு வாங்க."

"தண்ணி குடு."

இளையவள் உள்ளே போகவில்லை. மோவாயால் மூத்தவளின் முதுகுக்குப் பின்னால் காட்டினாள். "அவ்வளவு தண்ணி இருக்கே, அக்கா."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். ஏரி வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது. கரையோரம் மட்டும் சிவப்பும் நீலமும் கலந்து, நகராமல் படியை நக்கிக்கொண்டு நின்றது. அவள் திரும்பவும் இளையவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் இரக்கம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. தன்னிடம் இருந்திருந்தால் அங்கேயும் இருந்திருக்கும். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, அவள் அந்தத் தண்ணீரில் காலை வைத்தாள்.